எங்கே என்று கேட்காதவள்

டாக்டர் சங்கரவடிவுக்குக் கேள்வி கேட்காவிட்டால் சோறு இறங்காது. பல் டாக்டர். நோயாளியின் வாயைப் பிளந்து, பஞ்சைத் திணித்து, உறிஞ்சுகுழாயை ஓரத்தில் மாட்டிவிட்டு, "மகளுக்கு வரன் அமைஞ்சுதா? சொந்தத்துலயா, அசலா? மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?" என்று ஆரம்பிப்பாள். பாவம், அந்த மனுஷர் என்ன சொல்வார்! "ஆ... ஆ..." என்பார். அந்த 'ஆ'விலிருந்தே அவளுக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதியை அவர் வாய் கொப்பளிக்கும்போது வாங்கிக்கொள்வாள்.

வீட்டிலும் அப்படித்தான். கணவர் கோமதிநாயகம் செருப்பைக் கழற்றுவதற்குள் மத்தியானம் என்ன சாப்பிட்டார், யாரோடு சாப்பிட்டார், ஏன் முகம் வாடியிருக்கிறது என்று ஒரு சுற்று முடிந்திருக்கும். திருநெல்வேலிப் பக்கமிருந்து சென்னைக்கு வந்து எத்தனையோ காலம் ஆகியும் இரண்டு பேருக்கும் ஊர்ப்பேச்சு போகவில்லை. அவளுக்கு இந்தக் கேள்விப் பழக்கமும் போகவில்லை. நாயகத்துக்கு அது ரொம்பப் பிடிக்கும். வெளியே சொல்லமாட்டார். நாள் முழுக்க ஏரியின் நீர்மட்டத்தைப் பற்றி மட்டுமே கேட்கிற ஆட்களோடு இருந்துவிட்டு வருகிறவருக்கு, முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்க ஒருத்தி இருப்பது லேசுப்பட்ட விஷயமா?

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் வினாமானியைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

நாயகம் மாநில வெள்ளத் தடுப்புப் பிரிவில் இணை இயக்குநர். பொதுப் பாதுகாப்பைக் கவனிக்கிற மாநில அதிகாரி யாராக இருந்தாலும், மத்திய அனுமதி வாரியத்தின் பாதுகாப்பு அனுமதி இல்லாமல் இனி 'மழை அறை'க்குள் கால் வைக்க முடியாது என்று புதுச் சட்டம் வந்திருந்தது. மழை அறை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எந்தத் தெருவில் எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று செயற்கைக்கோளும் கணினியும் சேர்ந்து முன்கூட்டியே சொல்லிவிடுகிற காலம் அது. அதைப் பார்த்து, எந்த மதகை எப்போது திறப்பது என்று முடிவெடுக்கிற இடம்தான் மழை அறை. முடிவு வெளியே கசிந்ததோ, போச்சு. ஒரு கரையை உடைத்துவிட்டால் எதிர்க்கரை தப்பிக்கும் என்பது ஏரியோரத்தில் குடியிருக்கிற எல்லோருக்கும் தெரியும். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒரு மழையில் அப்படியே நடந்து, பல பேர் செத்தும் போனார்கள். அதற்குப் பிறகு அந்த அறை எங்கே இருக்கிறது என்பதே ரகசியமாகிவிட்டது. எனக்கும் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டேன்.

வினாமானியோடு வந்தவர் கர்னல் பத்ரிநாத். வாரியத்தின் மதிப்பீட்டாளர். தமிழர்தான், ஆனால் பிறந்ததிலிருந்து வடக்கே ஒவ்வொரு ராணுவக் குடியிருப்பாக வளர்ந்தவர். அவர் தமிழ், இஸ்திரி போட்டு மடித்து வைத்த மாதிரி இருக்கும்.

"இது உங்கள் பேச்சைச் சேமிக்காது மேடம்," என்றார். ஊறுகாய் ஜாடி அளவுக்கு ஒரு வெள்ளை டப்பா. உச்சியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு. "கேள்விகளை மட்டும் வகை பிரித்து வைத்துக்கொள்ளும். யார், எங்கே, எப்போது, ஏன். அவ்வளவுதான்."

"அத வச்சு என்ன செய்வாவ?" என்றாள் வடிவு.

"மனிதர்கள் தெரியாததைக் கேட்பார்கள். தெரிந்ததைக் கேட்கமாட்டார்கள். ஒரு வீட்டில் எந்தக் கேள்வி எழாமலே இருக்கிறதோ, அதற்கு அங்கே ஏற்கெனவே பதில் தெரிந்திருக்கிறது என்று பொருள். பொய்யைக் கண்டுபிடிக்கிற கருவிகளையெல்லாம் ஏமாற்றிவிடலாம். கேட்காமல் விட்டதை யாரும் மறைக்க முடியாது."

"அப்போ எனக்கென்ன கவலை? நான் எல்லாத்தையும் கேப்பேனே! உங்களுக்குப் பிள்ளைய எத்தன பேரு? வீட்டம்மா எங்க இருக்காவ? அந்தக் கடவாப்பல்லு ரொம்ப நாளா வலிக்கோ?"

கர்னல் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "எப்படித் தெரியும்?"

"காப்பிய ஒரு பக்கமாவே குடிக்கியள்லா."

கர்னலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தான் வீட்டுக்குப் போனால் மனைவி கேட்கிற ஒரே கேள்வி, மறுபடி எப்போது வெளியூர் என்பதுதான் என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனாலும் வடிவு அவருக்கு இன்னொரு டம்ளர் காப்பி கொடுத்தாள்.

டப்பா ஃபிரிட்ஜின் மேல் இடம்பிடித்தது. ஆயுத பூஜை வந்தபோது மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் பொட்டு வைத்த கையோடு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். "அதுவும் நம்ம வீட்டுக்காக உழைக்குதுல்லா," என்றாள். நாயகம் தலையில் அடித்துக்கொண்டார். மனசுக்குள் சந்தோஷம்தான்.

அந்தச் சோதனைக் காலத்தில் தற்காலிக அனுமதியோடு அவரை மழை அறைக்கு அடிக்கடி அழைத்தார்கள். சாப்பாட்டில் கை வைக்கும்போது அழைப்பு வரும். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது வரும். சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "போயிட்டு வாரேன்" என்பார். "வாங்க" என்பாள். அவ்வளவுதான். தெருமுனை திரும்பும்வரை நின்று பார்ப்பாள். பிறகு உள்ளே போய்விடுவாள்.

பருவமழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் கர்னல் மறுபடி வந்தார். இந்த முறை காப்பி வேண்டாம் என்றார்.

"மன்னிக்க வேண்டும் மிஸ்டர் நாயகம். உங்களுக்கு அனுமதி தர முடியாது என்று முடிவு வந்திருக்கிறது."

"ஏன் சார்?"

"உங்கள் மனைவிக்கு அறை இருக்கும் இடம் தெரியும் என்கிறது வினாமானி."

நாயகத்துக்கு முகமெல்லாம் சிவந்துபோனது. யார் கேட்டாலும் அந்த அறையைப் பற்றி வாய் தவறிக்கூடச் சொல்கிறவரல்ல அவர். சொந்த அண்ணன் கேட்டபோதுகூட வாயைத் திறக்காதவர். "சார், நான் யார்கிட்டயும் மூச்சு விடல! இவகிட்டயும் விடல. எம்பிள்ளைய மேல சத்தியம்!"

"நம்புகிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். உங்கள் மனைவி உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றிக் கேட்கிறார். என்னுடைய பல்லைப் பற்றிக்கூடக் கேட்டார். கணவர் நேரங்கெட்ட நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. வேறு எந்த வீடாக இருந்தாலும் விட்டுவிடலாம். இந்த வீட்டில் அது பளிச்சென்று தெரிகிறது."

வடிவு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "ஐய, நல்லா இருக்கே கத! கிளம்புத மனுஷனப் பாத்து எங்க போறியன்னு யாராவது கேப்பாவளா? போற காரியம் வெளங்குமா?"

கர்னல் புரியாமல் பார்த்தார். நாயகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. "அதான் சார்! எங்க பக்கம் அப்படிக் கேக்கமாட்டாவ. சகுனத் தடை. எங்கம்மா கேட்டதில்ல, இவங்கம்மா கேட்டதில்ல. கேக்கணும்னு தோணவே தோணாது. நானே இதக் கவனிச்சதில்ல, பாத்துக்கிடுங்க!"

"நீங்கள் டாக்டர் மேடம். இதையெல்லாம் நம்புகிறீர்களா?"

"நம்பல. ஆனா வாய் வராது."

கர்னல் டப்பாவைப் பார்த்தார். குங்குமம் இன்னும் அதன் நெற்றியில் இருந்தது. "இந்தக் கருவியைச் செய்தவர்கள் யாரும் இந்தப் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது," என்று முணுமுணுத்தார். "உங்களுக்குத் தெரியுமா என்று மேடமிடம் நான் நேரே கேட்கவும் விதி இல்லை. கேட்டாலே பாதி ரகசியம் போய்விடும். பரிசோதனைக் காலத்தைக் கொஞ்சம் நீட்டிக்க மட்டும் எனக்கு அதிகாரம் உண்டு. அதுவரை நீங்கள் தற்காலிகமாக அறைக்குப் போகலாம். ஆனால் முதல் பெரிய மழைக்குள் அந்த ஒரு கேள்வி பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் வேறு மாநிலத்திலிருந்து அனுமதி பெற்ற ஒருவர் உங்கள் நாற்காலியில் உட்காருவார்."

போகும்போது திரும்பி, "கேளுங்கள் என்று நான் உங்களிடம் சொல்லவில்லை மேடம்," என்றார். அவர் சொன்னது இருவருக்கும் நன்றாகவே புரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே சண்டை ஆரம்பித்துவிட்டது.

"ஏட்டி, ஒரு வார்த்தைதான? எங்க போறியன்னு கேட்டா வாயி வெந்தா போவும்?"

"நீங்க சும்மா ஆபீசுக்கா போறிய? மழையில, வெள்ளத்துல, கரை உடையப் போவுதான்னு பாக்கப் போறிய. அந்த நேரத்துல நான் தடுத்துக் கேக்கணுமா? நாளப்பின்ன ஒண்ணு ஆச்சுன்னா சாகுத வரைக்கும் எனக்கு அது நெஞ்சுல கெடக்கும்."

"நீதான் நம்பலைன்னு சொன்னியே!"

"மத்தவங்க விஷயத்துல நம்பல. உங்க விஷயத்துல என்னால முடியல. போதுமா?"

நாயகம் சாப்பிட உட்கார்ந்தார்.

அந்த நாற்காலியை அவர் விட மறுத்தது பதவி ஆசையால் அல்ல. வரைபடத்தில் மேடாகத் தெரிகிற சில சந்துகள் உண்டு. முதல் தண்ணீர் அங்கேதான் ஏறும். ஓடை மேல் வீடு கட்டி, ஓடையின் பேரையே ஜனங்கள் மறந்துபோன இடங்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்து பார்த்து வைத்தவர் அவர். கணினிக்கு அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்; அது இன்னும் ஒவ்வொரு முறையும் மேடு என்றே காட்டியது. புதிதாக வருகிறவர் திரையில் காட்டுகிறதைத்தான் நம்புவார். அந்தச் சந்துகளுக்கு எச்சரிக்கை போகாது. மதகு திறந்துவிடும். இதை வடிவிடம் சொல்லவும் முடியாது. சொன்னால் அதுவே ரகசியக் கசிவு. மழைக்கு மழை அந்தச் சந்துகளிலிருந்து சேற்றுக் காலோடு வந்த கணவன் இப்போது பாதிச் சோறோடு எழுந்து கை கழுவுவதைப் பார்த்தே அவள் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. புரிந்துகொண்டாள்.

அவள் முயற்சி செய்யாமலும் இல்லை. அடுத்த அழைப்பு வந்தபோது வாசலுக்கு ஓடிவந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு, "குடை எடுத்தியளா?" என்றாள். அதற்கடுத்த தடவை, "எப்ப வருவிய?" இன்னொரு தடவை வாயை 'எ' என்று திறந்தாள். நாயகம் ஆவலோடு நின்றார். "எ... எண்ணெ தீந்துபோச்சு, வரும்போது வாங்கிட்டு வாங்க," என்றாள். நாயகம் தெருமுனை வரை சிரித்துக்கொண்டே போனார். அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

வங்கக்கடலில் உருவானது புயலாக மாறும் என்று செய்தி வந்தது. கர்னல் தொலைபேசியில், "நாளையோடு உங்கள் தற்காலிக அனுமதி முடிகிறது," என்று மட்டும் சொன்னார். குரலில் வருத்தம் இருந்தது.

மறுநாள் விடியும்போதே இருட்டிக்கொண்டு பெய்தது. நாயகத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. மழைக்கோட்டை மாட்டினார். அவளிடம் எதையும் கேட்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தார். இன்றைக்கு ஒரு நாள் அறைக்குள் இருக்கலாம். அந்தச் சந்துகளைப் பற்றி எழுதி வைத்துவிட்டு வரலாம். வருகிறவன் படித்தால் படிக்கட்டும். வாசலில் நின்று வழக்கம்போல், "போயிட்டு வாரேன் வடிவு," என்றார்.

பதில் வரவில்லை. திரும்பினார். அவள் ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றாள், கண்ணெல்லாம் தண்ணீராக. கையில் ஒரு செம்பு.

"எங்க போறிய?" என்றாள்.

சத்தமாக, டப்பாவுக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள். கேட்ட மாத்திரத்தில் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். "பேசாம உக்காருங்க. இந்தத் தண்ணியக் குடிங்க. தடங்கல் ஆயிட்டுல்லா, கொஞ்சம் உக்காந்துட்டுப் புதுசாக் கெளம்புங்க."

"நேரமாவுது வடிவு."

"ஊரே முங்கட்டும். குடிங்க."

குடித்தார். அவள் அவர் தலையில் கை வைத்து நெட்டி முறித்தாள். மறுபடி எழுந்து, மறுபடி வாசலில் நின்று, மறுபடி போயிட்டு வாரேன் சொன்னார். இந்த முறை அவள் "வாங்க" என்றாள். வண்டியில் ஏறினார். என் பொண்டாட்டி மாதிரி ஒருத்தி எவனுக்கு வாய்ப்பாள் என்று நினைத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு ஆள் வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டால், ஓட்டுநர் என்ன நினைப்பார்! அவர் மழைத்தண்ணீர் என்று நினைத்திருப்பார்.

மத்தியானத்துக்குள் அனுமதி வந்துவிட்டது. மேலே கர்னலின் குறிப்பு ஒன்று: வாழ்த்துகள். பதவியில் இருக்கும்வரை வினாமானி வீட்டிலேயே இருக்கும். மேடமிடம் பல்லைக் காட்ட ஒரு நாள் வருகிறேன்.

புயல் கரையைக் கடந்தது. மதகுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அந்தச் சந்துகளில் கணினி மேடு என்று காட்டியதை ஒதுக்கிவிட்டு, எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட்டு, பிறகுதான் கடைசி மதகைத் தொடவிட்டார் நாயகம். கூரை வரை தண்ணீர் நின்றது. கூரைக்குக் கீழே ஆள் இல்லை.

வானம் வெளுத்து, வெயில் எட்டிப்பார்த்த ஒரு காலையில் வீடு வந்து சேர்ந்தார். கண் சிவந்து, தாடி முளைத்து, சட்டை கசங்கி, ஆனால் வாய் நிறையச் சிரிப்போடு வந்தார்.

வடிவு ஆரம்பித்துவிட்டாள். "ஒறங்குனியளா? காலு ஏன் வீங்கியிருக்கு? யாருக்கும் ஒண்ணும் ஆகலியே? பள்ளிக்கூடத்துல இருந்தவங்களுக்குச் சோறு போச்சா? பசிக்குதா?" எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே சிரித்தார்.

"அசையாதிய," என்றாள் திடீரென்று. மேசை மேலிருந்து பல் நூலை எடுத்தாள். இது வழக்கம்தான்; பல் டாக்டரைக் கட்டிக்கொண்டவனுக்குச் சிரிக்கவும் சுதந்திரம் கிடையாது. தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, கடவாய்ப்பல் இடுக்கில் நூலை விட்டு, ஒரு கருப்பு எள்ளை வெளியே எடுத்தாள். விரல் நுனியில் வைத்து முகர்ந்து பார்த்தாள்.

"சுக்குப் போட்ட எள்ளுருண்ட," என்றாள். "நல்ல கடதான்."

சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு தோசை வார்க்க உள்ளே போய்விட்டாள்.

நாயகம் நாற்காலியில் உட்கார்ந்தார். மழை அறையில் தேநீரோடு எள்ளுருண்டைதான் கொடுப்பார்கள். கீழே இறங்குகிற படிக்கட்டின் வாசலிலேயே கடை. சென்னையில் எள்ளுருண்டைக்குச் சுக்குச் சேர்க்கிற கடை அது ஒன்றுதான். அவர் அங்கிருந்து வந்த ஒவ்வொரு நாளும் இவள் இப்படித்தான் நூலை எடுத்திருக்கிறாள்.

கிளம்புகிறவனைக் கேட்கக்கூடாது, சரி. திரும்பி வந்தவனைக் கேட்க எந்தச் சகுனம் தடுத்தது? எங்கே இருந்தீர்கள், எங்கே சாப்பிட்டீர்கள் என்று இவள் ஒரு நாளாவது கேட்டாளா? கர்னலிடம் அன்றைக்கு அவள் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் எனக்குத் தெரியாது என்று அவள் சொல்லவே இல்லை. அந்தப் பொட்டு வைத்த டப்பா கணக்கில் தப்பே பண்ணவில்லை. தெரிந்ததையே தெரியாததுபோல் கேட்டு, பயந்து நடுங்கிக்கொண்டு கேட்டு, அவள்தான் அதை ஏமாற்றினாள். அவருக்காக. அந்தச் சந்துகளுக்காக.

அவருக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது, திட்ட வேண்டும்போலவும் இருந்தது. எழுந்து சமையலறைக்குப் போனார். ஃபிரிட்ஜின் மேல் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேட்டால் அவள் பொய் சொல்லமாட்டாள், அவரிடம் அவளுக்கு வராது. ஆமாம் என்பாள். அதற்குப் பிறகு அவர் கர்னலிடம் சொல்லியாக வேண்டும். அது அவர் கையெழுத்துப் போட்ட சத்தியம்.

"ஏட்டி வடிவு," என்றார்.

"என்ன?"

அவள் தோசைக்கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கொஞ்சம் பயம் இருந்தது. அவள் இதற்கு முன்னால் அவரைப் பார்த்துப் பயந்ததில்லை.

"சட்னி இருக்கா?" என்றார் நாயகம்.

"இல்லாம? என்னிக்கு இல்லாம இருந்திருக்கு?"

வினாமானி அந்தக் கேள்வியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. இன்னொரு கேள்வியை அவர் ஓய்வு பெறும் வரைக்கும் கேட்கவில்லை. அதற்கப்புறமும் கேட்கவில்லை.